இருவர் ஆயுட்காலம் வரை

"அப்பாவுக்கு எங்க மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு." பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, உறவினர் கூடும் இடங்களிலெல்லாம் இதைச் சொல்லிவருகிறார். கோபத்தில் சொன்னால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் வருத்தத்தோடு சொல்கிறார். அந்த வருத்தம் பொய்யில்லை என்பதும் எனக்குத் தெரியும். பெற்றவர்களைத் தவறாமல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர், தந்தையின் கண்புரை அறுவையின்போது வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடன் இருந்தவர், தெருவில் யாரும் குறை சொல்ல முடியாத பிள்ளை. பெரியப்பா செய்ததோ, தம் வீட்டை அந்த மகன் பேருக்கே எழுதிக்கொடுத்ததுதான். எழுதும்போது, தம் ஆயுட்காலம் வரை வீடு தம் அனுபவத்திலேயே இருக்கும் என்று பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். பெரியம்மா அந்த வரியைத் திருத்தச் சொன்னார். வீட்டைக் கொடுத்தது எல்லாருக்கும் மறந்துபோய், அந்த வரி மட்டும் பேச்சில் நிலைத்துவிட்டது. "பெத்த பிள்ளைகிட்டப் போய் இப்படி எழுதி வாங்கலாமா?" என்று உறவினர்களில் பெரும்பாலோர் மகன் பக்கமே பேசுகிறார்கள். வயதானவர் தமக்கென்று ஒன்றை நிறுத்திக்கொள்வது நம் குடும்பங்களில் ஏன் இவ்வளவு பெரிய அவமதிப்பாகப் படுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஆலைத் தொழிலாளியின் முதுமைக் கணக்கு

பெரியப்பா கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் இரவுக் காவல் வேலை, பிறகு அதுவும் இல்லை. இப்போது அவருக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. தனியார் ஆலைகளில் உழைத்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்து 1995 நவம்பரில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டம் அது. அதன் கணக்கு எளிது: ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முதலில் 5,000, 2001 முதல் 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அந்த 15,000 ரூபாய்க் கணக்கிலேயே 35 ஆண்டுகள் உழைத்து முடித்தவருக்கும் 7,500 ரூபாய்தான் வரும் என்றால், பாதி வயதில் ஆலை மூடப்பட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தபட்சம் 1,000 ரூபாயாவது தரப்படும் என்று 2014-இல் வந்த ஆணைதான் அவர்களைத் தாங்குகிறது. அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப்போல் இதில் அகவிலைப்படி கிடையாது. 2014-இன் ஆயிரம் ரூபாயும் இன்றைய ஆயிரம் ரூபாயும் வங்கிப் புத்தகத்தில் ஒரே எண்ணாகத்தான் அச்சாகின்றன. மளிகைக் கடையில் அப்படியில்லை.

மாநில அரசின் முதியோர் உதவித்தொகை அவருக்குக் கிடைக்காது. 1962-இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஆதரவற்றவர்களுக்கானது. 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் அது உயர்ந்தது. மத்திய அரசின் திட்டத்தின்கீழ் வரும் எண்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் மட்டும். சொந்த வீடும் ஓய்வூதியமும் சம்பாதிக்கும் மகனும் உள்ளவர் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையோடு அது நின்றுவிடும். நின்றுவிடுவது நியாயமும்கூட, அவரைவிட வறியவர்கள் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால், ஆதரவற்றவர் என்று அரசு ஒப்புக்கொள்பவருக்கும் கையில் போதிய பணமுள்ளவருக்கும் நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. சோற்றுக்குக் குறைவில்லை, உடுக்கத் துணி உண்டு, இரத்த அழுத்த மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, நகரப் பேருந்தில் பெரியம்மாவுக்குக் கட்டணமில்லை. இவற்றில் எதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. இத்தனையும் இருந்தும், ஒரு மனிதர் தாமே முடிவுசெய்து செலவழிக்க ஏதாவது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடையை நான் கல்யாண வீடுகளில் பார்த்தேன். எங்கள் பக்கம் மொய் எழுதும் மேசைக்கு வந்து, தம் பேரைச் சொல்லி, தம் கையால் பணத்தை எடுத்து வைப்பதில்தான் ஒரு பெரியவரின் வருகை முழுமையாகிறது. கையில் காசு நின்றுபோன பெரியவர்கள் முதலில் தூரத்து உறவின் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். பிறகு பக்கத்து விசேஷங்களுக்கும் மகனோடு போய், மகன் பேரில் மொய் எழுதப்படும்போது சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். "முடியலைங்க, முழங்கால் வலி" என்று அவர்கள் சொல்லும் காரணத்தைக் குடும்பமும் நம்பிவிடுகிறது. பெரியப்பா இன்றும் எல்லா விசேஷங்களுக்கும் போகிறார், தம் பேரில் மொய் எழுதுகிறார். அதற்குப் பணம் ஓய்வூதியத்திலிருந்து வருவதில்லை. வீட்டின் பின்பக்கம் ஓடு வேய்ந்த ஓர் அறையை அவர் வாடகைக்கு விட்டிருக்கிறார். மில் வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் அதில் தங்கியிருக்கிறார்கள். ஓய்வூதியத்தைப்போல் இரண்டு பங்குக்கு மேல் அந்த அறை தருகிறது. அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி, அவர் குடியிருக்கும் அந்த வீட்டிலிருந்து வருவதுதான்.

பத்திரம் எழுதிய நாள்

வீட்டை இருக்கும்போதே மகனுக்கு எழுதிவிடுவது என்ற முடிவு பெரியப்பாவுடையது. ஏன் உயில் எழுதக் கூடாது என்று நான் கேட்டேன். தம் காலத்துக்குப் பிறகு யாரும் அலுவலகம் அலுவலகமாக அலையக் கூடாது என்றார். தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டை விற்றால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்ட் எழுதினால் இரண்டும் ஒவ்வொரு விழுக்காடுதான். அதிலும் 2023-இல் உயர்த்தப்பட்ட பிறகும்கூட உச்சவரம்பு தீர்வைக்கு 40,000 ரூபாய், கட்டணத்துக்கு 10,000 ரூபாய். இருபது வருடங்களில் அந்தப் பகுதியின் நில மதிப்பு ஏறிய ஏற்றத்தில் அந்த வரம்பு பெரிய சலுகை. கல்யாணமாகிப் போன மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு ஏற்பில்லை என்பதைப் பெரியப்பாவிடமே சொன்னேன். ஆனால் அவர் உழைத்துச் சேர்த்த சொத்து. யாருக்குக் கொடுப்பது என்பது அவர் உரிமை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தரின் சிறிய அறைக்கு நால்வரும் போயிருந்தோம். சாட்சிக் கையெழுத்துக்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியப்பா மஞ்சப்பையிலிருந்து மூலப்பத்திரத்தையும் வீட்டு வரி ரசீதுகளையும் எடுத்து வைத்தார். எழுத்தர் கணினியில் தயாராக இருந்த வாசகத்தைப் படித்துக் காட்டினார். மகன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுப்பதாகவும், இன்று முதல் மகனே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்றும், இதை எக்காலத்திலும் ரத்து செய்யத் தமக்கு அதிகாரமில்லை என்றும் அது போயிற்று. பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னிக்கிருந்தேங்களா?"

"ஆமாங்க. பதிவானதும் அவருக்குத்தான்."

"அப்படி வேண்டாமுங்க. எங்காலம் முச்சூடும் நான் இருந்துக்கறேன், வாடகையும் நானே வாங்கிக்கறேன். அப்புறமாப் பையனுக்குன்னு எழுதோணும்."

எழுத்தருக்கு இது புதிதல்ல. ஆயுட்கால அனுபவ உரிமை என்று ஒரு ஷரத்து போட்டுவிடலாம், ஆனால் அப்படிப் போட்டால் மகன் பிற்பாடு வீட்டை வைத்துக் கடன் கேட்கும்போது வங்கியில் தயங்குவார்கள் என்று சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் முகம் மாறியது அப்போதுதான். மாடி கட்டக் கடன் வாங்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த எண்ணம்தான். ஆனால் கடனைப் பற்றி அவர் பேசவில்லை. "ஏம்ப்பா, நான் என்ன உங்களை வெளிய தள்ளிப்போடுவனா?" என்றுதான் கேட்டார். "நீ தள்ள மாட்ட கண்ணு, அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் எழுதி இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. அதற்குமேல் இருவரும் பேசவில்லை. எழுத்தர் திருத்தத் தொடங்கினார்.

திருத்திய படியை அவர் வாசித்தார். எழுதிக்கொடுப்பவர் தம் ஆயுட்காலம் வரை தாமே குடியிருந்தும் வாடகை வரும்படிகளைப் பெற்றும் அனுபவித்து வருவது, அவர் காலத்துக்குப் பின் மகன் முழு உரிமையோடு அடைவது. எல்லாம் சரியாக இருந்தது. அதுவரை சுவரோர பெஞ்சில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியம்மா என் பக்கம் திரும்பி, "அதுல எம்பேரு வருதா சாமி?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "அப்ப இவரு போயிட்டா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. எழுத்தர்தான், வழக்கமாகச் சொத்து யார் பேரில் இருக்கிறதோ அவருடைய ஆயுளைத்தான் போடுவது, அம்மாவை மகன் பார்த்துக்கொள்வார் என்று சமாதானம் சொன்னார். பெரியம்மா அதை மறுக்கவில்லை. "பாக்கட்டுமுங்க. எம்பேரையும் எழுதிருங்க" என்றார்.

அந்த வீட்டுக்குத் தளம் போட்ட நாளில் பெரியம்மாவின் நகைகளில் தாலிக்கொடியைத் தவிர மற்ற எல்லாம் அடகில் இருந்தன. சுவர்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவர் அவர். மூலப்பத்திரத்தில் அவர் பேர் இல்லை, ஓய்வூதியப் புத்தகத்தில் இல்லை, அன்று எழுதப்பட்ட பத்திரத்தின் முதல் இரண்டு படிகளிலும் இல்லை. தம் பாதுகாப்பைத் தெளிவாக யோசித்துக் கேட்ட பெரியப்பாவுக்கும் அது தோன்றவில்லை; பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் மனைவி பெரும்பாலும் கணவனைவிடச் சில வயது இளையவர். பெண்கள் சற்றுக் கூடுதலாகவும் வாழ்கிறார்கள். ஆகவே ஒரு வீட்டில் கடைசியாகத் தனித்து நிற்பவர் பெரும்பாலும் பெண். பெரியப்பாவின் ஓய்வூதியம் அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியமாகப் பெரியம்மாவுக்குக் குறையும். குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய்தான் மிஞ்சும். பின்னறை வாடகை அன்றைக்கே மகனுக்குப் போய்விடும். முதுமையின் நீண்ட பகுதியையும் அதன் தனிமையான பகுதியையும் கடக்கப்போகிறவருக்கு, அந்த ஒரு வரி இல்லாமல், கேட்டு வாங்கும் நிலைதான் இருந்திருக்கும். "எங்கள் இருவரில் கடைசியாக உள்ளவர் ஆயுட்காலம் வரை" என்று மூன்றாம் படி அச்சாயிற்று. அதைத்தான் பதிந்தார்கள்.

வரி இல்லாத இடத்தில் சட்டம்

இந்த வரி அவசியமே இல்லை, அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே என்று ஒரு நண்பர் வாதிட்டார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முதியவர் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். அதன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனை வைத்துக் கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டு பராமரிக்காமல் விட்டால், கொடுத்ததையே செல்லாது என அறிவிக்கலாம். இந்தப் பிரிவைப் பற்றிய தீர்ப்புகளை அண்மையில் தேடிப் படித்தேன். நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர் நலனுக்காக வந்த சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி போய், அன்பினால் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தால் பார்த்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு அதிலேயே அடங்கியிருக்கிறது என்றது.

அந்தத் தீர்ப்புகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றைப் பெற்றவர்கள் தாம் பெற்ற பிள்ளைக்கோ மருமகளுக்கோ எதிராக மனுப் போட்டு, கோட்டாட்சியர் முன் நின்று, மேல்முறையீட்டில் ஆட்சியர் முன் நின்று, பிறகு நீதிமன்றம் வரை போனவர்கள். எத்தனை பெற்றோர் அதைச் செய்வார்கள்? எனக்குத் தெரிந்த பெரியவர்களில், பிள்ளை பேரில் புகார் எழுதுவதைவிடப் பசியோடு இருப்பதை மேலாக நினைப்பவர்கள் உண்டு. சட்டம் கைகொடுக்கும் இடத்துக்கு வர அவர்கள் முதலில் உறவை இழக்க வேண்டியிருக்கிறது. ஆயுட்கால உரிமை எழுதப்பட்ட வீட்டிலோ புகாருக்கான தேவையே எழுவதில்லை. கொடை செல்லுபடியாக, சொத்தில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையையும் உடனே விட்டுக்கொடுத்தாக வேண்டியதில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2014-லேயே தெளிவாக்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு, அது பிள்ளையின் குணத்தோடு சம்பந்தமே இல்லாதது. நல்ல பிள்ளைக்கும் தொழில் நொடிக்கலாம். அவன் பேரில் உள்ள சொத்தைக் கடன் கொடுத்தவர் பற்றலாம். நல்ல பிள்ளையும் பெற்றோருக்கு முன் இறந்துபோகலாம். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. தந்தை முதல் வகுப்பு வாரிசே இல்லை. தாம் கட்டி, தாம் எழுதிக்கொடுத்த வீட்டில் தந்தைக்குச் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லாமல் போகும். இதை நான் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார். "அதை அன்னிக்கே அப்பா என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் சொத்துப் பேச்சுக்கென்று ஒரு வேளை கிடையாது. பேசினால் சாவைப் பற்றிப் பேசியாக வேண்டும், பிள்ளைகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்று பேசியாக வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் மூன்றாம் மனிதர் ஒருவரின் கணினித் திரைக்கு முன்னால் முதன்முறையாக அந்தப் பேச்சு வெளியே வருகிறது.

அண்ணன் மாடியைக் கட்டவில்லை. வங்கி, அனுபவ உரிமை உள்ள இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டது. பெரியப்பா போட ஆயத்தமாகத்தான் இருந்தார், அண்ணனுக்கு அப்படிக் கேட்டு வாங்க மனமில்லை. அவருக்கு இழப்பு ஏற்பட்டிருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே வங்கி அவரிடம் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கும்போது தம் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று அவர் நினைக்கவில்லை. கடன் கொடுப்பவர் தம் பணத்துக்கு எழுத்தில் உறுதி கேட்பது ஒழுங்கு என்றால், வாழ்நாள் உழைப்பு முழுவதையும் கொடுத்துவிடுகிற தந்தையும் தாயும் கேட்பது மட்டும் எப்படி நம்பிக்கையின்மை ஆகும்? பெற்றோர் கொடுப்பது எல்லையற்றதாக இருக்க வேண்டும், அதற்கு ஓர் எல்லை இட்டால் கொடுத்ததே கொடை ஆகாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த எண்ணத்தின் விலையை முதியவர்கள் ஒவ்வொரு மாதமும் கட்டுகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 2031-இல் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் அப்படியிருப்பார்கள் என்பது மக்கள்தொகை மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலோருக்கு அரசு ஓய்வூதியம் இல்லை. பலரிடம் இருப்பது ஒரு வீடு, அல்லது ஒன்றிரண்டு சென்ட் நிலம். உதவித்தொகையை உயர்த்துங்கள், ஆயிரம் ரூபாயில் நின்றுபோன ஆலைத் தொழிலாளர் ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணையுங்கள் என்று கேட்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதோடு சேர்த்து, பெரிய செலவில்லாத ஒன்றைப் பதிவுத் துறை செய்யலாம். அறுபது வயதைக் கடந்தவர் செட்டில்மெண்ட் எழுத வந்தால், பெறுபவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எழுதிக்கொடுப்பவரிடமும் அவருடைய துணையிடமும் சார்பதிவாளர் தனியாகக் கேட்கலாம்: இன்றைக்குப் பிறகு எங்கே குடியிருப்பீர்கள், வாடகை யாருக்கு, உங்களுக்குப் பின் இவருக்கு என்ன? மாதிரிப் பத்திரத்திலேயே இருவர் ஆயுட்கால உரிமையையும் அச்சிட்டு வைத்து, வேண்டாம் என்பவர் அடித்துவிடட்டும் என்று மாற்றலாம். அப்போது அதைக் கேட்க வேண்டிய சங்கடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களுக்கு இருக்காது. வேண்டாம் என்று அடிக்கச் சொல்ல வேண்டிய சங்கடம் எதிரே நிற்கும் பிள்ளைகளுடையதாக இருக்கும்.